வருகைப் பதிவேடு நலமே

நாட்டு மக்களுக்கு ஒரு நற்செய்தி. பிள்ளைகளின் மனம் எக்கேடு கெட்டுக் கிடந்தாலும் வருகைப் பதிவேடு நலமாக இருக்கிறது. காலையில் மணி அடித்த கையோடு பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏறிவிடுகிறது. சென்னையில் ஏதோ ஓர் அலுவலகத் திரையில் எண்ணிக்கை சரியாக விழுகிறது. அதைப் பார்த்துவிட்டு ஓர் அதிகாரி நிம்மதியாகக் காபி குடிக்கிறார். அந்தக் காபிக்கொட்டை எங்கள் சேர்வராயன் மலையில் விளைந்ததாக இருந்தால், பழம் பறித்த விரல்களில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் விரல்களும் இருந்திருக்கலாம். அன்றைக்கு அந்தப் பிள்ளை 'வருகை' என்றும் இருந்திருக்கலாம். பதிவேட்டுக்கு இரண்டும் சம்மதம்.

மலை கிராமங்களில் டவர் கிடைப்பது அரிது. ஏற்காட்டைத் தாண்டி உள்ளே போகிற சாலைகளில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறைமேல் ஏறி நின்று, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியரைப் பார்த்தால் சேர்வராயன் சாமிக்கு வேண்டுதல் என்று நினைத்துவிடாதீர்கள். அட்டெண்டன்ஸ் ஏற்றுகிறார். அது ஏறிவிட்டால் போதும். அதற்குப் பிறகு வகுப்பில் யார் இருந்தார், யார் அழுதார், யார் மதியச் சோற்றோடு காட்டு வழியே வீட்டுக்கு நடையைக் கட்டினார் என்பதெல்லாம் எந்தச் செயலியிலும் இல்லாத சங்கதிகள்.

இதே நேரம் அந்தப் பதிவேட்டில் பெயருள்ள ஒரு பையன் கிளியூரில் இருக்கிறான். ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால்தான் கிளியூரில் அருவி, இல்லாவிட்டால் வெறும் பாறை. தண்ணீர் விழுகிற நாட்களில் இறங்கும் படிகள் முழுக்கக் கூட்டம். அந்தப் படிகளில் ஏதாவதொரு திருப்பத்தில், கூடையில் மாங்காய்ப் பத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எந்த ஆண்டு போனாலும் இப்படி ஒருவன் உண்டு. முகம் மாறும், கூடை மாறாது. வெளியூர்க்காரர் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்பார்.

"இன்னிக்கு ஸ்கூல் இல்லியா தம்பி?"

"லீவு போட்டுட்டேங்க."

"என்னாச்சு?"

"வயித்து வலிங்க."

சொல்லிவிட்டு மாங்காயில் மிளகாய்ப்பொடி தூவிக் கொடுப்பான். அவர் சிரித்துவிட்டுக் காசைக் கொடுத்துப் போய்விடுவார். ஆனாலும் அவரை வணங்க வேண்டும். இந்த மாநிலத்தில் அவனிடம் 'ஏன் போகலை' என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். வீட்டில் கேட்டது 'போறியா இல்லியா'. பள்ளியில் கேட்டது 'அப்பாவைக் கூட்டிட்டு வந்தியா'.

அந்த வயிற்று வலி பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வளரிளம் பருவத்தில் பயமும் சோர்வும் முதலில் வந்து உட்காருவது வயிற்றிலும் தலையிலும்தான் என்பது குழந்தை மனநல மருத்துவர்களுக்கு அன்றாடம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தொடங்கும், திங்கட்கிழமை காலையில் முறுக்கும், பள்ளிக்கூட பஸ் போனதும் தானாக அடங்கும். அடங்கிவிட்டதே, அப்படியானால் நடிப்புதான் என்று நம் நீதிமன்றம் தீர்ப்பெழுதிவிடும். ஓம வாட்டர் முதல் தண்டனை. மந்திரித்துக் கயிறு கட்டுவது இரண்டாவது. மூன்றாவது, டி.சி.

இதைத் தம் ஆயுள் வேலையாக எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வாளர் இருக்கிறார். கிறிஸ்டோபர் கர்னி என்று பெயர். சூதாட்டத்துக்குப் பேர்போன லாஸ் வேகாஸில், நெவாடா பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்துகொண்டு பல பத்தாண்டுகளாகப் பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்து வருகிறார். அவர் செய்த பெரிய காரியம் ரொம்பச் சின்னது. 'இவனை எப்படி இழுத்து வருவது' என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, 'போகாமலிருப்பதால் இவனுக்கு என்ன கிடைக்கிறது' என்று கேட்டார். 1990-களின் தொடக்கத்திலேயே அதற்கொரு கேள்வித்தாளும் செய்துவிட்டார். நான்கு வழிகளில் விடை வரும் என்கிறார். பள்ளியில் இருக்கும் ஏதோ ஒன்றை நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது என்பது ஒன்று. எழுந்து நின்று வாசிப்பது, பரீட்சை, மற்றவர் முன் சிறுமைப்படுவது, இவற்றிலிருந்து தப்பிப்பது இன்னொன்று. வீட்டில் அம்மா பக்கத்திலேயே இருந்தாக வேண்டும் என்பது ஒன்று. வெளியே பள்ளியைவிட ருசியானதோ அவசியமானதோ இருக்கிறது என்பது கடைசி.

எங்கள் மலைக்கு இதை அப்படியே பொருத்திப் பாருங்கள். முதலாவது, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, மாதத்தில் சில நாள் பெண் பிள்ளைகள் வராததற்கு வேறு விளக்கம் தேவையில்லை. இரண்டாவது, 'மலையான்' என்று கூப்பிடும் வகுப்பு. மூன்றாவது, குடிக்கிற அப்பனும் தனியாக அடி வாங்குகிற அம்மாவும். நான்காவது, நவம்பர் தொடங்கி ஜனவரி வரை காபிப் பழம், அது முடிந்த சூட்டோடு மிளகு. பொதுத்தேர்வும் மிளகு அறுவடையும் ஒரே பருவத்தில் வரும்படி நாள் குறித்தது யார் என்று தெரியவில்லை. மிளகுக்கொடியாக இருக்க வாய்ப்பில்லை.

ஒரே பையனுக்கு நான்கு காரணமும் சேர்ந்தே இருக்கலாம். நம் பதிவேட்டில் அவனுக்கு இருப்பதோ ஒரே கட்டம். அதில் ஓர் 'ஆ', அதாவது ஆப்சென்ட்.

இந்தக் கேள்வித்தாளோடு ஓர் ஆய்வாளர் கிளியூர்ப் பக்கம் வந்தால் என்ன ஆவார் என்று கொஞ்சம் கற்பனை செய்து பார்த்தேன். கற்பனைதான். எந்த அலுவலகத்தையும் குறிப்பிடவில்லை. படிக்கிற ஒவ்வொருவருக்கும் அது எந்த அலுவலகம் என்று தெரிந்துவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். நாற்காலி போட்டு டீ வரவழைக்கிறார்.

"எங்க ஸ்கூல்ல வராத பசங்களே இல்லைங்களே. ரிஜிஸ்டர் பாருங்க."

"கிளாஸ்ல பாதி பெஞ்சு காலியா இருக்குதுங்க சார்."

"அவங்கெல்லாம் வந்துட்டு இருக்காங்க."

"எப்போலருந்து?"

"ஆடி மாசத்துலருந்து."

சிரிக்காமல் சொல்கிறார், ஏனென்றால் அவர் நிலைமை அப்படி. உண்மையைப் பதிந்தால் மறுநாள் வட்டாரத்திலிருந்து போன் வரும். 'உங்க ஸ்கூல்ல மட்டும் ஏன் சார் குறையுது?' குறைவதற்குக் காரணம் கேட்கிற போன் அல்ல அது. குறைத்ததற்குக் காரணம் கேட்கிற போன்.

அனுமதிக்காக ஆய்வாளர் மலையிறங்குகிறார். 20 கொண்டை ஊசி வளைவு. வட்டார அலுவலகம் மாவட்டத்தைக் கைகாட்டும், மாவட்டம் சென்னையைக் கைகாட்டும், சென்னை ஐந்து நகல் கேட்கும். கடைசியில் ஒருவர் சிவப்புப் பேனாவோடு கேள்வித்தாளை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருகிறார்.

"'வாழவே பிடிக்கலைன்னு தோணியிருக்கா?' இதை எடுத்திருங்க. பசங்க மனசுல இல்லாததை நாமளே விதைச்ச மாதிரி ஆயிரும்."

கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, கேட்டால் பாரம்தான் குறைகிறது என்று உலகம் முழுக்க ஆய்வுகள் காட்டிவிட்டன என்கிறார் ஆய்வாளர்.

"அது உலகத்துல. அடுத்து என்ன, 'ஆசிரியர் அடித்தாரா?' இதையும் எடுங்க. அடிக்கக் கூடாதுன்னு 2009-லயே சட்டம் வந்திருச்சு. அதனால யாரும் அடிக்கறதில்ல. 'சாதி சொல்லிக் கேலி செய்வதுண்டா?' நம்ம பள்ளிக்கூடத்துல சாதியே கிடையாதுங்க, சர்டிபிகேட்டுல மட்டும்தான். 'கழிப்பறை?' அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல. 'வீட்டில் சாப்பாடு உண்டா?' இது அரசுக்கு எதிரா போகும். 'உனக்குப் பிடித்த நிறம்?' இது நல்லாருக்கு. இதை வெச்சுக்கோங்க."

ஆய்வாளர் அதையாவது கேட்டு, பலருக்கும் நீலம் பிடித்திருக்கிறது என்று எழுதி அனுப்புகிறார். கோப்பு திரும்பி வருகிறது. 'நீலம் தவிர்க்கவும். அரசியலாகும்.'

கற்பனை முடிந்தது. இனி உண்மைக்கு வருவோம், அது இதைவிட வேடிக்கை.

ஏற்காட்டில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. காபிக்கும் மிளகுக்கும் பழமரங்களுக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆர்க்கிட் மலர்களுக்கு இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனமே பூங்கா வைத்துப் பராமரிக்கிறது. ஓர் ஆர்க்கிட் இலை வாடினால் நிழல் கூடுதலா, ஈரம் குறைவா, வேரில் பூஞ்சையா என்று பார்க்க ஆள் உண்டு. வாடினதற்காக ஆர்க்கிட்டை முட்டி போட வைப்பதில்லை. அதன் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வதும் இல்லை.

மே மாதம் கோடை விழா. மலர்க் கண்காட்சியில் எத்தனை ஆயிரம் தொட்டி, எத்தனை லட்சம் பூ என்று ஒன்று விடாமல் கணக்குச் சொல்வார்கள். கொழு கொழு குழந்தைகள் போட்டி உண்டு. எடை பார்த்து, தடுப்பூசி அட்டை பார்த்துப் பரிசு தருவார்கள். நாய்கள் கண்காட்சியும் உண்டு, கால்நடைத் துறை நடத்தும். ஆக, கைக்குழந்தைக்கு ஒரு மேடை, நாய்க்கு ஒரு மேடை. நடுவில் பதின்மூன்று முதல் பதினேழு வயது வரை ஓர் உயிரினம் இந்த மலையில் வாழ்கிறதே, அதை எந்தத் துறை காட்சிக்கு வைக்கும்?

அந்த உயிரினத்தைப் பற்றிக் கணக்கே இல்லை என்று யாரும் தப்பிக்க முடியாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயதுக்காரர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் என்றது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் மூன்று பேர். எந்த மூன்று பேர் என்று அந்த வகுப்பாசிரியரைக் கேளுங்கள், அடங்காத மூன்று பேரின் பெயரைச் சொல்வார். அடங்கிக் கிடக்கிற மூன்று பேர் பின்பெஞ்சில் இருப்பார்கள். தேசியக் குற்றப் பதிவுக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் தற்கொலையில் இறந்த மாணவர்கள் 13,044 பேர். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. உயர்கல்விச் சேர்க்கையில் முதலிடம் என்று சுவரில் எழுதுகிறவர்கள், இந்த இரண்டாமிடத்தையும் அதே எழுத்தில், அதே சுவரில் எழுதினால் என்ன?

பணமுள்ள வீட்டுப் பிள்ளை மனம் வாடினால் அதற்கு 'ஸ்ட்ரெஸ்' என்று பெயர், சேலத்திலோ கோவையிலோ கவுன்சிலர் இருக்கிறார். எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை வாடினால் அதற்குப் பெயர் 'திமிர்'. 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் போன்ற விடுதிப் பள்ளிகள் வரிசையாக வந்து, ஏற்காடு படிப்புக்குப் பேர்போன ஊராகி நூறாண்டு ஆகிறது. தேசமெங்கிலுமிருந்து பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விடுகிறார்கள். அதே மலையில் பிறந்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கு அரசின் உண்டு உறைவிடப் பள்ளி. உண்ணலாம், உறையலாம். அழுவதற்குத்தான் பெயரில் இடம் விடவில்லை. பத்து வயதில் அம்மாவைப் பிரிந்து வந்த பையன் ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டு வழியில் வீட்டுக்கு நடந்துவிட்டால், அவன் 'ஓடிப்போனவன்'. வீட்டுக்குப் போவதை ஓடிப்போவது என்று சொல்கிற இடம் உலகத்தில் இரண்டுதான், மற்றொன்று சிறை.

தீர்வு தெரியாததால் இப்படி இருக்கிறது என்றாலும் மன்னிக்கலாம். தெரியும். அதுவும் அமெரிக்காவிலிருந்து வர வேண்டியதில்லை, பீகாரிலிருந்தே வந்துவிட்டது. நாம் மூக்கைச் சுளித்துக்கொண்டு பேசுகிற அதே பீகார். அங்கே நாலந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு சச்சின் ஷிண்டே, விக்ரம் படேல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 'சேஹர்' என்ற சோதனையை நடத்தி, 2018-ல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டார்கள். பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், மனநலப் பட்டமெல்லாம் இல்லாத உள்ளூர் ஆட்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, பள்ளிக்கு ஒருவராகப் பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் வேலைக்கென்றே போட்டார்கள். இன்னொரு பிரிவில் அதே வேலையை அந்தப் பள்ளி ஆசிரியரிடமே கொடுத்தார்கள். மூன்றாவதில் வழக்கமான பாடம் மட்டும். தனி ஆள் போட்ட பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரையொருவர் வதைப்பது குறைந்தது, பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியரிடம் கூடுதல் வேலையாகக் கொடுத்த பள்ளிகளில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே செய்யாத பள்ளிக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இதைப் படித்த ஒரு நாடு என்ன செய்யும்? தனி ஆளைப் போடும் என்றுதானே நினைக்கிறீர்கள். 2020 பிப்ரவரியில் ஒன்றிய அரசு ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம் கொண்டுவந்தது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாக நியமிக்கச் சொன்னது. ஆய்வில் தோற்றுப்போனது எது என்று தேடிப்பிடித்து அதையே திட்டமாக்குவதற்கும் ஒரு தனித்திறமை வேண்டும்.

அந்தப் பீகார்ப் பள்ளிகளில் ஒரு பெட்டியும் வைத்திருந்தார்கள். மனதில் உள்ளதைப் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். தமிழ்நாட்டிலும் பெட்டி உண்டு, 'மாணவர் மனசு' என்று அழகாகப் பெயர் வைத்தோம். பெட்டி வைப்பது எங்கள் சேலத்துக்குப் புதிதல்ல. 1992-ல் பெண் சிசுவைக் கொல்லாமல் போட்டுவிட்டுப் போகத் தொட்டில் வைத்ததும் இந்த மாவட்டத்தில்தான். ஆனால் தொட்டிலில் விழுந்த குழந்தையை எடுக்க ஒரு கை இருந்தது. பீகார்ப் பெட்டிக்குப் பக்கத்திலும் அதைத் திறந்து, படித்து, பிள்ளையைத் தனியே கூப்பிட்டுப் பேசுவதையே வேலையாகக் கொண்ட ஓர் ஆள் இருந்தார். நம் பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பது பூட்டு. சாவி ஹெச்.எம். ரூமில். கணக்கு வாத்தியார் கையைத் திருகுகிறார் என்று எழுதிப் போட்டால், அதைப் பிரித்துப் படிக்கிற குழுவில் கணக்கு வாத்தியாரின் கூட்டாளி இருப்பார். கையெழுத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார், தினமும் திருத்துகிற நோட்டுதானே.

போனும் உண்டு. 2022 அக்டோபர் முதல் டெலி மானஸ், 14416, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம். பள்ளிக்குப் போன் கொண்டுவந்தால் பிடுங்கி வைத்துக்கொள்வோம். மனம் சரியில்லையென்றால் 14416-க்குப் போன் பண்ணு. விடுதிப் பிள்ளை பேச வேண்டுமென்றால் வார்டனிடம் போய், 'சார், உங்களைப் பத்திக் கொஞ்சம் பேசணும், போன் குடுங்க' என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

ஆசிரியர்களைத் திட்டுவதாக யாரும் கிளம்ப வேண்டாம். இந்தக் கட்டுரையில் எனக்கு இரக்கம் மிச்சமிருப்பது இரண்டே பேர்மேல், ஒருவர் பிள்ளை, இன்னொருவர் ஆசிரியர். எண்ணும் எழுத்தும், இல்லம் தேடிக் கல்வி, நலம் நாடி, வானவில் மன்றம், மகிழ் முற்றம், மணற்கேணி. பெயரைக் கேட்டாலே காதில் தேன் வந்து பாயும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பதிவேற்றம் இருக்கும். சைக்கிள் வந்ததா, செருப்பு அளவெடுத்தாயிற்றா, ஆதார் இணைந்ததா என்று எல்லாவற்றையும் ஏற்றி முடித்து அவர் நிமிர்கையில் மணி நாலு. நிமிர்ந்தவரிடம் 'அந்தப் பையன் ஒரு வாரமாக ஏன் சாப்பிடவில்லை என்று கவனித்தீர்களா' என்று கேட்கிற துணிச்சல் எனக்கில்லை. 2018 கடைசியில் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் பள்ளியில் முகத்தைப் பார்த்தே வருகை போடுகிற கருவி வைத்தார்கள். அந்த முகம் யாருடையது என்று அது சொல்லும். அது அழுத முகமா என்று சொல்ல இன்னொரு டெண்டர் விட வேண்டும்.

ஆய்வாளர் பேச்சை அரசு கேட்டதே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு முறை கேட்டது. சென்னையில் 1986-ல் சினேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார், பொதுத்தேர்வு முடிவு வருகிற வாரத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகள் சாவதை எண்ணிப் பார்த்தார். தோற்ற பிள்ளைக்கு முன்னால் ஓர் ஆண்டு முழுக்க வெறுமையாக நிற்கிறது என்பது அவர் கண்டது. ஒரு மாதத்திலேயே மறுதேர்வு வையுங்கள் என்று அவரும் அவர் அமைப்பும் விடாமல் கேட்டார்கள். 2000-களின் தொடக்கத்தில் உடனடித் துணைத்தேர்வு வந்தது. தேர்வுத் தோல்வி மரணங்கள் பின்னாளில் குறைந்தன. இதற்குக் கட்டடம் வேண்டியிருக்கவில்லை, செயலி வேண்டியிருக்கவில்லை. காலண்டரில் ஒரு தேதியை மாற்றினார்கள், பிள்ளைகள் உயிரோடு இருந்தார்கள். இப்படியொரு கெட்ட முன்னுதாரணம் ஏற்பட்டுவிட்டதால்தான் அதற்குப் பிறகு ஆய்வாளர்களைக் கண்டால் கோப்புகள் ஓடி ஒளிகின்றனவோ என்னவோ.

இனிமேல் எழுதப்போவதில் வேடிக்கை இல்லை.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், வள்ளியூர்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பதினேழு வயதுப் பையன் சில நாட்களாகப் பள்ளிக்குப் போகவில்லை. பட்டியல் சாதிப் பையன், நன்றாகப் படிக்கிறவன். பதிவேட்டில் அவனுக்கும் அதே 'ஆ'. பள்ளியிலிருந்து விசாரித்தார்கள். கேட்டதும் சொன்னான்: ஆதிக்க சாதி மாணவர்கள் ஏவல் வேலை செய்யச் சொல்கிறார்கள், வதைக்கிறார்கள். புகார் எழுதி வாங்கப்பட்டது. ஆகஸ்ட் 9 இரவு அரிவாளோடு வீட்டுக்கே வந்தார்கள். அவனை வெட்டினார்கள், தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். வந்தவர்களும் பள்ளிப் பிள்ளைகள்தான்.

ஆராய்ச்சி உலகம் 'ஏன் வரவில்லை என்று கேளுங்கள்' என்கிறது. இங்கே கேட்டார்கள், அவனும் உண்மையைச் சொன்னான். சொன்னவனைக் காப்பாற்றத் தங்களிடம் ஒன்றுமே இல்லை என்பது மட்டும் கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. கேள்வித்தாள் இருந்தால் போதும் என்று நினைக்கிற நல்ல மனிதர்களுக்காக இதைச் சொல்கிறேன். காரணம் சொல்லாமல் வீட்டில் இருந்தவரை அவன் பத்திரமாக இருந்தான். அவனுடைய 'ஆ' அவனுக்குக் கிடைத்த ஒரே பாதுகாப்பாக இருந்தது. படுக்கையிலிருந்து எழுந்து வந்து மறு ஆண்டு பொதுத்தேர்வில் 469 மதிப்பெண் எடுத்தான். உடனே எல்லாரும் வரிசையில் நின்று பொன்னாடை போர்த்தினார்கள். நாம் கெட்டிக்காரர்கள், வெட்டுப்பட்டவன் முதல் வகுப்பில் தேறிவிட்டால் நம் குற்றவுணர்ச்சியும் அவனோடு சேர்ந்து தேறிவிடுகிறது. அறுநூறுக்கு முந்நூறு எடுத்திருந்தால் யாருக்கு அவன் முகம் நினைவிருக்கும்?

இதையொட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்றது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்றது, பள்ளி நல அலுவலர் என்று ஒரு பதவியை உருவாக்குங்கள் என்றும் சொன்னது. இவற்றில் கயிற்றை அறுக்கக் கத்திரிக்கோல் போதும். அலுவலரைப் போடச் சம்பளம் வேண்டும். எதைப் பற்றி ஊரெல்லாம் மாதக்கணக்கில் விவாதித்தது என்று நினைவிருக்கிறதா? கயிற்றைப் பற்றி.

மறுபடி பதிவேட்டுக்கு வருவோம். ஜப்பானில் ஆண்டுக்கு 30 நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வராத பிள்ளைகளை அரசே எண்ணி வெளியிடுகிறது. 2023-ம் கல்வியாண்டில் 3,46,482 பேர். தலைகுனிவுதான், ஆனாலும் எண்ணைக் குறைத்துக் காட்டவில்லை. வராமலிருப்பதை ஒழுங்கீனமாகப் பார்க்காதீர்கள் என்று 2016-லேயே பள்ளிகளுக்கு எழுதிவிட்டார்கள். நம் கணக்கு எப்போது வெளியே வந்தது தெரியுமா? 2023 மார்ச் 13. பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முதல் நாள், தமிழ்த் தாள். எழுத வராதவர்கள் 50,674 பேர். கணிதமோ இயற்பியலோ இல்லை, தாய்மொழித் தாள். கொரோனாவில் தேர்வில்லாமல் தேறி வந்தவர்கள், நெடுநாளாகவே வராமலிருந்தவர்கள் என்று விளக்கங்கள் வந்தன. நெடுநாளாக வராதவர்களுக்கு ஹால் டிக்கெட் எப்படி வந்தது? பதிவேடு அவர்களைக் கைவிடவில்லை. வீடு கைவிட்டது, ஊர் கைவிட்டது, பதிவேடு மட்டும் கடைசிவரை அவர்கள் வருகிறார்கள் என்று நம்பியது. இப்படியொரு விசுவாசத்தை எந்தத் தாயிடம் பார்க்க முடியும்?

விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன பதினேழு வயது மகளை இழந்த ஒரு தகப்பன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2025 ஜூலை 25-ல் நீதிமன்றம் பதினைந்து வழிகாட்டுதல்களைக் கொடுத்தது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனத்தில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். நூறுக்குக் கீழே என்றால் வெளியிலுள்ள மனநல வல்லுநரோடு தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். மலையில் நூறு பேர் உள்ள பள்ளி எத்தனை இருக்கும்? மற்றவற்றுக்கு வெளி வல்லுநர் சேலத்தில் கிடைப்பார். அரசு மருத்துவமனைப் புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். அதற்குக் கிளியூரிலிருந்து விடியுமுன் கிளம்ப வேண்டும். கூட வருகிற அம்மாவுக்கு அன்றைய கூலி போகும், பையனுக்கு இன்னொரு 'ஆ' விழும். மனநல மருத்துவரைப் பார்க்கப் போனதால் வருகைக் குறைவு என்று அவனுக்கு மெமோ வந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அடுத்து என்ன நடக்கும் என்பதை ஜோசியம் பார்க்காமலே சொல்லிவிடலாம். ஒரு சுற்றறிக்கை வரும், 'மிக அவசரம்' என்று தலைப்பிட்டு. கூடவே ஒரு கூகுள் படிவம். உங்கள் பள்ளியில் மனநல ஆலோசகர் உள்ளாரா? ஆம் என்றால் பெயர், செல் நம்பர். இல்லை என்றால் ஏன் இல்லை என்பதற்குத் தலைமையாசிரியர் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். கடைசி நேரம் மாலை ஐந்து மணி. நாலே முக்காலுக்கு ஹெச்.எம். ஸ்டாஃப் ரூமை எட்டிப் பார்ப்பார். பி.டி. வாத்தியார் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பார். "சார், உங்க நம்பரைச் சொல்லுங்க."